ரோட்டுக்கு டிக்கெட் வாங்கினவர்கள்

எல்லோருக்கும் பொதுவாகச் சும்மா கிடக்கிற ரோட்டைக் காசுக்கு விற்கிற தொழில் எங்களுடையது. திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், பளபளவென்று உடுப்பு மாட்டிக்கொண்டு, நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு கூட்டமாகச் சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். 'இவர்களுக்கு வேறு வேலை இல்லையா' என்று முணுமுணுத்துவிட்டுப் பால் வாங்கப் போயிருப்பீர்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால், ஏதாவது ஒரு முக்கில், சிவப்புக் கொடியும் விசிலுமாக ஒரு பொம்பளை நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தால் அது நான்தான்.

பதவியின் பெயர் 'ரூட் இன்சார்ஜ்'. எந்த வழியாகப் போவது, எங்கே தண்ணீர் வைப்பது, எந்த முக்கில் யாரை நிறுத்துவது எல்லாம் என் பொறுப்பு. கம்பெனி முதலாளி பிரகாஷ் சென்னையிலிருந்து வந்தவர், என்னைவிட வயதில் சின்னவர், என்னை 'மேடம்' என்பார். எனக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்து ஒரே ஒரு சண்டைதான். நான் முக்குகளில் நிற்க ஆள் கேட்பேன், அவர் மெடலைப் பெரிதாக்குவார். கல்யாணத்தில் பந்தி விசாரிக்க நின்றவர்கள், பேங்க் கவுண்டரில் உட்கார்ந்தவர்கள், அபார்ட்மென்ட் சங்கத்தில் செயலாளராக மாட்டிக்கொண்டவர்கள், சுருக்கமாக, யாரோ செய்ததற்கு யாரிடமோ திட்டு வாங்கிப் பழகிய அத்தனை பேருக்கும் நான் சொல்லப்போவது புரியும். புரியாதவர்கள் ஒரு நாள் வந்து கொடி பிடித்துப் பார்க்கலாம்.

லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்?

பதிவு ஆரம்பித்த அன்றே என் போனுக்கும் உயிர் வந்துவிடும். அப்படிக் கூப்பிட்டவர்தான் செந்தில். தில்லை நகரில் வீடு, துவாக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். புதிதாக வாங்கிய சைக்கிளின் எடை, கியர், டயர் எல்லாவற்றையும் பெண் பார்க்கப் போன வீட்டில் ஜாதகம் சொல்கிற மாதிரி ஒப்பித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். ரோட்டை நமக்காக மூடிவிடுவீர்கள் இல்லையா என்றார்.

மூட மாட்டோம் என்றேன். பஸ் வரும், லாரி வரும், பால் வண்டி வரும், ஆடு வரும். அப்புறம் காசு எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர், வாழைப்பழம், பின்னாலேயே வரும் ஆம்புலன்ஸ், வழி தப்பாமல் இருக்க அம்புக்குறி, முக்கில் வண்டிகளை நிதானப்படுத்த ஒரு ஆள் என்று சொன்னேன். இதில் ஒன்றுகூட எங்கள் போஸ்டரில் கிடையாது. அதில் ராஜகோபுரத்துக்கு முன்னால் ஒருவர் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார், சுற்றிலும் ஈ காக்காய் இல்லாத ரோடு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் காசு கட்டுகிறார்கள். செந்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்: "அப்ப நான் காசு கட்டி வர்றவன்னு எதிர்ல வர்ற லாரிக்காரருக்கு எப்படி மேடம் தெரியும்?"

நெல் காயுது

அறுவடை சமயத்தில் லால்குடி ரோட்டில் பாதி ரோடு நெல் காயும். அது சரி என்று நான் சொல்லவில்லை. களம் கட்டிக் கொடுக்காதவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் எங்களிடம் காசு கட்டி ஓட்ட வந்தவர்கள் அதை என்னிடம் கேட்டார்கள். ஒரு பெரிய டாக்டர், ஊரில் பெயர் சொன்னால் தெரியும், சைக்கிளை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றார். நெல்லை உடனே அள்ளச் சொல்ல வேண்டுமாம். அவருடைய நேரம் கெட்டுப்போகிறதாம். காசு கட்டியிருக்கிறோம், காசு கட்டியிருக்கிறோம் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு விசிலை அவர் காதில் ஊதியிருப்பேன். அதற்குள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தார். சண்டை போடுகிற முகம் இல்லை. விவரம் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். டாக்டரைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்: "ரோட்டுக்குக் காசு கட்டுனீங்களா? யாருகிட்டங்க கட்டுனீங்க? சொன்னீங்கன்னா நாங்களும் அவருகிட்டயே கட்டிப்புட்டு நிம்மதியா காயப்போட்டுக்குவோம்."

ஒரு வாழைப்பழம்

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருடைய செக்‌ஷனில் வேலை செய்யும் சேவியர் அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தடவை எங்கள் பாதை பொன்மலை வழியாகப் போனது. வழியில் மேஜை போட்டு, தொட்டியத்திலிருந்து இறக்கிய வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாக வைத்திருந்தோம். அன்று ஏதோ அவசர வேலை என்று ஒர்க்‌ஷாப்பில் ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. காக்கிச் சட்டையும் கேரியரில் சாப்பாட்டுத் தூக்குமாகச் சேவியர் அண்ணன் மிதித்துக்கொண்டு வந்தார். மேஜையில் இருந்தவர்கள் சைக்கிளில் வருகிறவர் என்பதால் அவர் கையிலும் ஒரு பழத்தைத் திணித்துவிட்டார்கள். அவரும் ஏதோ கோயில் பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிரகாஷ் இதைப் பார்த்துவிட்டார். பைக்கை எடுத்துக்கொண்டு விரட்டிப் போய், ஒர்க்‌ஷாப் திருப்பத்தில் அண்ணனை மறித்து, நம்பர் எங்கே என்று கேட்டார். பதிவு செய்யாதவர்கள் இந்தப் பாதையில் வரக்கூடாது என்று வேறு சொன்னார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அண்ணன் பழத்தை முடித்துத் தோலை மட்டும் கையில் வைத்திருந்தார். பல வருஷமாகத் தினமும் அவர் போகிற ரோடு அது. எனக்கு அவமானத்தில் முகமெல்லாம் எரிந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பிரகாஷிடம் சொன்னார்: "பழத்துக்கு வேணா காசு தர்றேன் தம்பி. ரோட்டுக்கு நம்பர் கேக்காதீங்க, நான் டியூட்டிக்குப் போகணும்."

மெடலில் கோபுரம்

இனி நான் சொல்வதெல்லாம் ஒரே ஈவென்ட்டைப் பற்றியது. செந்தில் காசு கட்டியதும் அதற்குத்தான். திருச்சி பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் கிளம்பி, காவிரிப் பாலம், திருவானைக்கோவில், கொள்ளிடப் பாலம் தாண்டி லால்குடி வரை போய், அதே வழியில் திரும்பி வருவதாக ஏற்பாடு. அதற்குத்தான் அனுமதி வாங்கியிருந்தோம். பிறகு பிரகாஷுக்கு ஒரு யோசனை உதித்தது. திரும்பி வரும்போது மாம்பழச்சாலையில் நேரே பாலம் ஏறாமல் வலது பக்கம் திரும்பி, அம்மா மண்டபம் ரோடு வழியாக ராஜகோபுரம் வரை போய், போட்டோ எடுத்துக்கொண்டு வரவேண்டும். போட்டோ எடுக்கிற இடத்தில் நேரத்தைப் பதியும் கருவி. அங்கே பதியாதவருக்கு மெடல் கிடையாது.

அம்மா மண்டபம் ரோடு எப்படிப்பட்டது என்று ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண நாளிலேயே ஆட்டோ, கார், படித்துறைக்குப் போகிறவர்கள், பூக்கடை, மாடு. மண்டபத்தை ஒட்டி ஒரு வளைவு வேறு. அந்த வளைவில் ஒருத்தர், ரோட்டின் இரண்டு முனைகளிலும் முனைக்கு ஒருத்தர் வேண்டும் என்றேன். பிரகாஷ் மேஜை டிராயரைத் திறந்து புது மெடலின் மாதிரியை என் கையில் வைத்தார். ராஜகோபுரம் பொறித்தது, நல்ல கனம். ஆட்களுக்கு வைத்திருந்த தொகை அதற்குப் போய்விட்டது என்று சாதாரணமாகச் சொன்னார். கொடி பிடிக்க ஆள் இல்லாமல் கோபுரம் எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "மெடலைத்தான் மேடம் எல்லாரும் போட்டோ எடுத்துப் போடுவாங்க. கொடி பிடிக்கிற ஆளை யாரு போடுவா?"

காலண்டரில் கறுப்பு வட்டம்

நம்பர் துணி கொடுக்க ஆரம்பித்த அன்று ரங்கராஜன் என்பவர் வந்தார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்காரர், பேங்கில் இருந்து ரிடயர் ஆனவர். டாக்டர் சொன்னதற்காகச் சைக்கிள் பழகி, அது பிடித்துப்போய், முதல் தடவையாகக் காசு கட்டிச் சேர்ந்திருந்தார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் ஹெல்மெட். வந்தவர் நம்பரை வாங்கிக்கொள்ளவில்லை. என் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். சாதாரண அமாவாசைகூட இல்லை, மகாளய அமாவாசை. அன்று தர்ப்பணம் இருக்கிறது, சைக்கிளில் வர முடியாது என்றார்.

மகாளய அமாவாசையன்று அம்மா மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. விடிவதற்கு முன்பே ஊர் ஊராக வேனில் வந்து இறங்குவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நூற்றுக்கணக்கில் சைக்கிளை விடப்போகிறோம். தேதி குறித்தவர் கல்யாண முகூர்த்தம் பார்த்தார், மழை பார்த்தார், கிரிக்கெட் மேட்ச்கூடப் பார்த்தார், இதைப் பார்க்கவில்லை. தேதியை மாற்றுங்கள், இல்லையென்றால் கோபுரத்தையாவது விடுங்கள் என்று பிரகாஷிடம் போய் நின்றேன். இரண்டு தெருவுக்கு ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள் என்றார். ரங்கராஜனுக்குப் பணமும் திரும்பக் கிடையாதாம், விதிமுறையில் இருக்கிறதாம். அதை அவரிடம் போய்ச் சொல்வது யார்? நான்தான். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஹெல்மெட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பணம் போனாப் போறது. தேதியை மாத்திக்கோன்னு எங்கப்பாகிட்ட கேக்க முடியாதும்மா, உங்ககிட்டதான் கேக்க முடியும்."

அகத்திக்கீரை

ஈவென்ட் அன்று காலை அந்த வளைவில் நானே போய் நின்றேன். மாம்பழச்சாலை முனையில் எங்கள் வேன் டிரைவர் சேகரை நிறுத்தினேன். கோபுரத்துப் பக்க முனைக்கு ஆள் கிடையாது, அவர் சம்பளம் மெடலாகிவிட்டிருந்தது. ரோடு முழுக்க ஈர வேட்டியும் ஈரப் புடவையும். அமாவாசையில் மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரை விற்பவர்கள் ரோட்டோரம் கட்டுக் கட்டாகக் குவித்திருந்தார்கள். மாடுகளும் நாள் தெரிந்து வந்திருந்தன. ஒரு கொடியை வைத்துக்கொண்டு இதில் நான் யாரை நிறுத்துவது? தர்ப்பணம் கொடுக்க வந்தவர்களையா?

லால்குடியிலிருந்து முதலில் திரும்பியது வேகமான நாலைந்து பேர். நிதானம், இறங்கி வாங்க என்று நான் கத்தியது கூட்டத்தின் இரைச்சலில் அவர்களுக்குக் கேட்கவில்லை. முன்னால் வந்தவர் மணி அடித்துக்கொண்டே, வழி விடுங்க, ஈவென்ட் நடக்குது என்று சத்தம் போட்டுக்கொண்டு வளைவுக்குள் நுழைந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் குறுக்கே வந்துவிட்டார். அவர் மேல் இடிக்காமல் ஒடித்தவர் கீரைக் கட்டின் மேல் ஏறி, வழுக்கி, தோள் தரையில் பட விழுந்தார். எலும்பு முறிந்தது பார்த்தாலே தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் செந்தில்.

கூட்டமே சேர்ந்து தூக்கி உட்காரவைத்தது. யாரோ தீர்த்தச் சொம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் வர முடியாமல் மாம்பழச்சாலையிலேயே நின்றுவிட்டதால், ஒரு ஆட்டோக்காரர் கேட்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். செந்திலை ஏற்றிவிட்டு, நசுங்கிப்போன கீரைக்காக அதை விற்ற அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கீரையைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "விடிஞ்சதுலேந்து இத்தனை மாடு வந்து போயிருக்கு, ஒண்ணாவது இப்படி ஏறிச்சாங்க?"

குறுக்கே பிடித்த கொடி

மாம்பழச்சாலைக்கு ஓடினேன். இன்னும் முக்கால்வாசிப் பேர் கொள்ளிடப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வலது பக்கத் திருப்பத்தில் கொடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். யாரும் உள்ளே போகக்கூடாது, நேரே பாலம் ஏறி மைதானத்துக்குப் போங்கள் என்றேன். போன் அடித்தது, பிரகாஷ். கோபுரத்தில் போட்டோகிராபர் சும்மா நிற்கிறார் என்றார். ஒருத்தர் விழுந்துவிட்டார் என்றேன். அவரை ஆம்புலன்ஸ் பார்த்துக்கொள்ளும், நீங்கள் ரூட்டைத் திறங்கள் என்றார். என் வாழ்நாளில் யாருடைய போனையும் நான் அப்படி வெட்டியதில்லை.

அடுத்து வந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நெல்லை அள்ளச் சொன்ன டாக்டரும் அதில் இருந்தார். கோபுரத்தில் பதியாவிட்டால் மெடல் இல்லையே, காசு கட்டினது எதற்கு, நீங்கள் யார் எங்களைத் தடுக்க? பதில் சொன்னேன். உள்ளே ஒருத்தருக்கு எலும்பு முறிந்திருக்கிறது என்றேன். முறிந்தது அவர்களுடையது இல்லையே. சேகர் என் பக்கத்தில் வந்து வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டார். அவர் வேலையும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து ரங்கராஜன் வந்தார். ஈரப் பஞ்சகச்சம், கையில் பித்தளைச் சொம்பு. தர்ப்பணம் முடித்து, மாம்பழச்சாலையில் வாழை இலை வாங்க வருகிறார். டாக்டர் என்னை விட்டுவிட்டு, பெரியவரே நீங்களாவது சொல்லுங்கள், நாங்கள் காசு கட்டி வந்திருக்கிறோம், இந்தம்மா விடமாட்டேன் என்கிறார் என்று அவரிடம் முறையிட்டார். ரங்கராஜன் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார், என் கொடியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் பணம் கட்டினவன்தான் ஸார். இதே ரோட்டுலதான் போயிண்டிருக்கேன். இன்னிக்கு நடந்து போறேன், அவ்வளவுதான்."

டாக்டர்தான் முதலில் சைக்கிளைத் திருப்பினார். மற்றவர்களும் முனகிக்கொண்டே பாலம் ஏறினார்கள். அதற்கு அப்புறம் அந்த வளைவில் யாரும் விழவில்லை. மதியம் கல்லூரி மைதானத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பிரகாஷ் என்னிடம் பேசினார், குரலைக்கூட உயர்த்தவில்லை: "அடுத்த ஈவென்ட்டுக்கு நீங்க ரெஸ்ட் எடுத்துக்கங்க மேடம். சேகரையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

கூரியரில் வந்தது

செந்திலுக்குத் தோளில் பிளேட் வைத்து ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு வந்த பிறகு போய்ப் பார்த்தேன். எனக்கு வேலை போனது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. புதுச் சைக்கிள் வரவேற்பறைச் சுவரில் சாய்ந்து நின்றது. கம்பெனியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, போன்கூட இல்லை என்று அவர் மனைவி சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு கூரியர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ராஜகோபுரம் பொறித்த மெடல். கோபுரம்வரை போகாதவருக்கு எப்படி மெடல் என்று கேட்காதீர்கள். அன்று கிட்டத்தட்ட யாருமே போகவில்லை என்பதால், கோபத்தைத் தணிக்க எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மெடல்களின் விலையில் அந்த வளைவுக்கு முன்னால் நிற்க இன்னும் ஆள் வந்திருப்பார்கள். நான் போட்ட சண்டையெல்லாம் இந்த ஒரு தகரத்திடம் தோற்ற சண்டை. செந்தில் அதை நல்ல கையால் எடுத்துப் பார்த்தார், கனம் பார்த்தார், அடுத்த தடவையும் காசு கட்டலாமா என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மெடலை டப்பாவுக்குள் போட்டு மூடினார். "கட்டறேன் மேடம், எனக்கு மெடல் வேணாம், தண்ணிகூட நானே எடுத்துட்டு வரேன். அந்த வளைவுல முன்னாடியே நின்னு என்னை இறக்கி விடறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு மட்டும் கட்டறேன்."

காசு கட்டலாமா என்று இன்றைக்கும் என்னைக் கேட்பவர்களிடம், மெடல் எவ்வளவு கனம் என்று கேட்காமல் முக்கில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள், கேட்டதற்கு முதலாளி முகம் சுளித்தால் பேசாமல் வீட்டுக்கு வாருங்கள், அதே ரோடு திங்கட்கிழமை காலையிலும் சும்மாதான் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.